கரைசல் கெட்டியானால் மோட்டார் பெரிதாக வேண்டுமா?

கேள்வி:

சார், புதுவயலில் எங்கள் ஐயா காலத்து அரிசி மில் ஷெட்டில் விவசாயிகளுக்காக டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சையின் திரவம் தயாரிக்கிறோம். 200 லிட்டர் டேங்கில் நன்றாக ஓடியது. இப்போது 2,000 லிட்டர் கரைசல் பிடிக்கும் ஃபெர்மென்டர் போட்டிருக்கிறோம். டேங்க் விட்டம் 120 செ.மீ., கரைசல் நிற்கும் உயரம் 175 செ.மீ. ஒரே தண்டில் இரண்டு இம்பெல்லர் (கரைசலைக் கலக்கும் சுழலி). இரண்டும் வட்டத் தட்டில் ஆறு பிளேடு வைத்தவை, 40 செ.மீ. விட்டம். 5 ஹெச்.பி. மோட்டார், பெல்ட், கியர்பாக்ஸ் வழியாக 220 ஆர்.பி.எம். காற்று நிமிடத்துக்கு 2 கனமீட்டர். குருணை மாவு 4 சதவீதமும் கொஞ்சம் மொலாசஸும் போடுகிறோம்.

முதல் நாள் 6 ஆம்பியர் காட்டுகிறது. இரண்டாம் நாள் கரைசல் கூழ் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் ஆம்பியர் 5-க்கு இறங்குகிறது. பார்வைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேலே ஓரத்தில் அசைவே இல்லை. இந்த நிலையில் ராத்திரி நேரத்தில் மோட்டார் டிரிப் ஆகிறது. ஆகும் முன் 10 ஆம்பியரைத் தாண்டியதாக ஷிஃப்ட் பையன் சொல்கிறான். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போதும், நுரை பொங்குகிறது என்று காற்றைக் குறைக்கும்போதும்தான் அதிகம். டேங்க் செய்து கொடுத்தவர் "கரைசல் கெட்டி, 10 ஹெச்.பி. போடுங்கள்" என்று கொட்டேஷன் அனுப்பிவிட்டார். போடலாமா? சின்ன டேங்கில் வராத பிரச்சினை இதில் ஏன் வருகிறது?

— புதுவயல் வாசகர்

பதில்:

வணக்கம். 10 ஹெச்.பி. கொட்டேஷனை இப்போதைக்கு மடித்து வையுங்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். டிரிப் ஆவது ஒன்று, ஓரத்தில் கரைசல் அசையாமல் நிற்பது இன்னொன்று. இரண்டும் இரண்டாம் நாள் ராத்திரியில் சேர்ந்து வருவதால், இரண்டுக்கும் கெட்டித்தன்மைதான் காரணம் என்று தோன்றுகிறது. டிரிப் ஆவதற்குக் காரணம் கெட்டித்தன்மை இல்லை. காற்று நின்றுபோவதுதான்.

நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளே இதற்குப் போதும். இம்பெல்லர் இழுக்கும் சக்திக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கரைசலின் அடர்த்தி, வேகத்தின் மும்மடி, இம்பெல்லர் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு, அதோடு இம்பெல்லரின் வடிவத்துக்கான ஓர் எண், இவை நான்கையும் பெருக்கினால் வாட் கணக்கில் சக்தி வரும். அந்த எண்ணைப் பவர் நம்பர் என்பார்கள். வட்டத் தட்டில் பிளேடு வைத்த உங்கள் இம்பெல்லர் வகைக்கு ரஷ்டன் டர்பைன் என்று பெயர். சுவரில் பேஃபிள் (கரைசல் சும்மா சுழல்வதைத் தடுக்கும் நெடுக்குத் தகடு) வைத்த டேங்கில், தண்ணீர் போல நீர்த்த கரைசலில் அதன் பவர் நம்பர் சுமார் 5. 220 ஆர்.பி.எம். என்பது நொடிக்கு 3.67 சுற்று. அதன் மும்மடி 49. 0.4 மீட்டரின் ஐந்தாம் அடுக்கு 0.01024. அடர்த்தி 1,000. பெருக்கிப் பாருங்கள், ஓர் இம்பெல்லருக்கு 2.5 கிலோவாட் வரும். இரண்டுக்கும் சேர்த்து 5 கிலோவாட், அதாவது 6.8 ஹெச்.பி. உங்கள் மோட்டார் 5 ஹெச்.பி., 3.7 கிலோவாட்தான். வெறும் தண்ணீர் ஊற்றி, காற்று விடாமல் ஓட்டினாலே அது தாங்காது.

அப்படியென்றால் முதல் நாள் ஏன் டிரிப் ஆகவில்லை? காற்றை விட்டுக்கொண்டே ஓட்டுகிறீர்கள். அடியிலிருந்து வரும் காற்று பிளேடுகளின் முதுகுப் பக்கம் போய்ப் பை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிளேடுக்குப் பின்னால் திரவம் சுழித்து இழுக்கும் இழுவை அதனால் குறைந்துவிடும். ரஷ்டன் டர்பைனில் இந்த இறக்கம் பெரிது. சக்தி பாதியாகக் குறைவது சாதாரணம், சில நேரம் பாதிக்கும் கீழே போகும். 5 கிலோவாட் 2.5 ஆனால், கியர்பாக்ஸ், சீல் எடுத்துக்கொள்வதையும் சேர்த்து மோட்டார் முக்கால் சுமையில் நிம்மதியாக ஓடும். நீங்கள் பார்த்த 6 ஆம்பியர் அதுதான்.

இப்போது ராத்திரிக் கதையைப் பார்ப்போம். கரண்ட் போகிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது. ஷிஃப்ட் தம்பி முதலில் எதைப் போடுவார்? அஜிட்டேட்டரை, அதாவது இம்பெல்லரைச் சுற்றும் மோட்டாரை. கரைசல் நிற்கக் கூடாது என்ற பயம். கம்ப்ரசர் பெரிய சுமை, ஜெனரேட்டர் திணறும் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் அதைப் போடுவார். அதற்குள் பிளேடுக்குப் பின்னால் இருந்த காற்றுப் பை கரைந்துவிடும், முழு இழுவையும் மோட்டார் தலையில் விழும். முழுச் சுமையில் 7.5 ஆம்பியர் எடுக்கும் உங்கள் மோட்டாரில் 10 ஓடினால், அதைக் காக்கும் ஓவர்லோட் ரிலே சில நிமிடம் பார்த்துவிட்டு டிரிப் அடிக்கும். அடிப்பதுதான் அதன் வேலை. நுரைக்குப் பயந்து வால்வைத் திருகும்போதும் இதேதான். காற்று குறையக் குறைய ஆம்பியர் ஏறும். யாராவது ரிலேயை 10-க்கு ஏற்றி வைக்கலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள், மோட்டார் சுருள் கருகிவிடும்.

ஆக, முதலில் செய்ய வேண்டியது செலவே இல்லாதது: வரிசையை மாற்றுவது. கம்ப்ரசர் முதலில், ஏர் லைனில் அழுத்தம் ஏறியதும் அஜிட்டேட்டர். காற்று நின்றால் அஜிட்டேட்டரும் நிற்க வேண்டும். இதை ஆள் நினைவில் விடாமல், ஏர் லைனில் ஒரு பிரஷர் சுவிட்ச் வைத்து ஸ்டார்ட்டரோடு இணைத்துவிடுங்கள். உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனே ஒரு மதியத்தில் செய்து முடித்துவிடுவார். ஜெனரேட்டர் இரண்டையும் சேர்த்து இழுக்காது என்றால், பெரிய மோட்டார் வாங்கும் பணம் ஜெனரேட்டருக்குப் போவதுதான் நியாயம்.

காற்றில்லாமல் கலக்கிக்கொண்டிருந்தாலாவது பூஞ்சை பிழைக்காதா என்று கேட்கலாம். பிழைக்காது. 30 டிகிரியில் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். நன்றாக வளரும் பூஞ்சை ஒரு லிட்டரில் மணிக்கு 20 மில்லிமோல், அதாவது 640 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும் என்று வைத்தால், இருப்பு ஒரு நிமிடத்துக்குக்கூட வராது. எனவே காற்று நின்ற பிறகு அஜிட்டேட்டரை ஓட்டிக் காப்பாற்றுவது என்று ஒன்று இல்லை. எவ்வளவு சீக்கிரம் காற்று திரும்புகிறது என்பதுதான் கணக்கு.

சரி, கெட்டித்தன்மைக்கு வருவோம். டேங்க் செய்தவரை இதில் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கெட்டியானதைக் கிளறக் கை வலிக்கும், ஆகவே மோட்டாருக்கும் வலிக்கும் என்பது எல்லோருக்கும் தோன்றுவதுதான். தேன், பிசின் மாதிரி கெட்டியான ஒன்றை மெதுவாகச் சுற்றினால் அது உண்மையும்கூட. உங்கள் டேங்கில் அப்படி இல்லை.

பூஞ்சைக் கரைசலுக்கு ஒரே ஒரு பாகுத்தன்மை கிடையாது. வேகமாக வெட்டிக் கலக்கும் இடத்தில் நீர்த்துப்போகும், சும்மா இருக்கும் இடத்தில் கெட்டியாகும். இம்பெல்லருக்குப் பக்கத்தில் அது எவ்வளவு கெட்டி என்று கண்டுபிடிக்க 1957-இல் மெட்ஸ்னர், ஓட்டோ என்ற இருவர் கொடுத்த வழியைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். நொடிக்கு எத்தனை சுற்று என்பதை ஓர் எண்ணால் பெருக்கினால், இம்பெல்லர் அருகே கரைசல் எவ்வளவு வேகமாக வெட்டுப்படுகிறது என்று தெரியும். ரஷ்டன் டர்பைனுக்கு அந்த எண் 11 முதல் 13 வரை. உங்களுக்கு 3.67-ஐ 11.5-ஆல் பெருக்கினால் 42.

உங்கள் கரைசலை யாரும் அளந்து கொடுக்கவில்லை. கூழ் மாதிரி என்று நீங்கள் சொல்வதை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன். வெட்டு வேகம் 1 இருக்கும் இடத்தில் பாகுத்தன்மை 2 பாஸ்கல் செகண்ட் (தண்ணீருக்கு இது 0.001), எவ்வளவு நீர்த்துப்போகும் என்று காட்டும் அடுக்கு 0.4 என்று எடுத்துக்கொள்வோம். வெட்டு வேகம் 42-இல், அதாவது இம்பெல்லர் அருகே, அதே கரைசல் 0.21 பாஸ்கல் செகண்ட் ஆகிவிடும். தண்ணீரைவிட 200 மடங்கு கெட்டிதான். ஆனாலும், ஓட்டத்தின் வேகம் கெட்டித்தன்மையை எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 2,800 பக்கம் நிற்கிறது. அந்த இடத்தில் ரஷ்டன் டர்பைனின் பவர் நம்பர் 4-க்கும் 5-க்கும் நடுவில்தான் இருக்கும். கரைசல் 200 மடங்கு கெட்டியாகியும் இம்பெல்லர் இழுக்கும் சக்தி ஏறவில்லை, கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யலாம். ரெனால்ட்ஸ் எண் 10-க்குக் கீழே போனால்தான் கெட்டித்தன்மை நேரடியாக மோட்டாரைப் பிடித்து இழுக்கும். அந்த நிலைக்கு நீங்கள் வருவதற்கு முன்பே பூஞ்சை மூச்சு முட்டிச் செத்திருக்கும்.

கெட்டியான கரைசலில் இன்னொன்றும் நடக்கும். பிளேடு முதுகில் ஒட்டிய காற்றுப் பை நீர்த்த கரைசலில் வந்து வந்து உடையும். கெட்டிக் கரைசலில் உடையாமல் பெரிதாகி அப்படியே உட்கார்ந்துவிடும். அப்போது இம்பெல்லர் கரைசலைத் தள்ளுவதைவிடத் தன் காற்றுப் பைக்குள்ளேயே சுற்றுவது அதிகம். உங்கள் ஆம்பியர் 6-லிருந்து 5-க்கு இறங்கியது இதனால்தான். மோட்டார் லேசாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், கரைசலுக்குள் போகும் சக்தி குறைந்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆக்சிஜனுக்குப் பசி அதிகமாக இருக்கும் இரண்டாம் நாளில் இது நடப்பதுதான் கொடுமை.

ஓரத்தில் அசைவில்லாமல் இருப்பதற்கும் இதே நீர்த்துப்போகும் குணம்தான் காரணம். வெள்ளைப் பணியாரத்துக்குக் கிரைண்டரில் மாவு ஆட்டும்போது கவனித்திருப்பீர்கள். கல்லுக்குப் பக்கத்தில் மாவு தளதளவென்று ஓடும், ஓரத்தில் ஒட்டியது அப்படியே நிற்கும், வீட்டில் ஆச்சிகள் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். உங்கள் டேங்கிலும் இம்பெல்லர் அருகே 0.21 இருக்கும் கரைசல், வெட்டு வேகம் 0.1 மட்டுமே இருக்கும் சுவரோரத்தில் 8 பாஸ்கல் செகண்ட் ஆகிவிடும், அதாவது கிட்டத்தட்ட 40 மடங்கு. ஒரு வரம்புக்குமேல் தள்ளினால்தான் நகர்வேன் என்று அடம்பிடிக்கும் குணமும் பூஞ்சை இழைக்கு உண்டு. அதனால் ஒவ்வொரு இம்பெல்லரைச் சுற்றியும் ஓர் உருளை அளவுக்குக் கரைசல் ஓடும், அதற்கு வெளியே ஒன்றும் நடக்காது. ரஷ்டன் டர்பைன் கரைசலைப் பக்கவாட்டில்தான் வீசும். அந்த உருளையின் உயரம் அதன் அகலத்தில் பாதிக்கும் குறைவு. சுவர்வரை எட்டினாலும், இரண்டு இம்பெல்லருக்கு நடுவிலும் மேல் மட்டத்திலும் ஒரு பட்டை ஓடாமலே நிற்கும். கண்ணாடியில் நீங்கள் பார்ப்பது அந்த மேல் பட்டையைத்தான். நடுவில் இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு 10 ஹெச்.பி. மோட்டார் என்ன செய்யும்? அதே இம்பெல்லர், அதே 220 ஆர்.பி.எம். என்றால் ஒன்றும் செய்யாது. மோட்டார் தகட்டில் எழுதியிருப்பது அது கொடுக்கக்கூடியது. எவ்வளவு எடுப்பது என்று தீர்மானிப்பது இம்பெல்லரும் வேகமும் கரைசலும். 10 ஹெச்.பி. போட்டாலும் கரைசலுக்குள் போவது அதே 2 கிலோவாட்டாகத்தான் இருக்கும். டிரிப் மட்டும் நிற்கும். அதை ஒரு பிரஷர் சுவிட்சே செய்துவிடும். வேகத்தையும் சேர்த்து ஏற்றினால்? 26 சதவீதம் ஏற்றினால் சக்தி இரட்டிப்பாகும். ஆனால் ஆக்சிஜன் கரையும் வேகம், தண்ணீருக்கு எழுதிய கணக்குப்படி, சக்தியின் 0.4 அடுக்கில்தான் ஏறும். அதாவது கரண்ட் பில் இரண்டு மடங்கு, ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். கெட்டிக் கரைசலில் அதுவும் வருமென்று நம்ப வேண்டாம். காற்றுக் குமிழி பெரிது பெரிதாகச் சேர்ந்து விறுவிறுவென்று மேலே போய்விடும்.

இன்னொன்று, சூடு. கரைசலுக்குள் போகும் சக்தி முழுக்கச் சூடாகத்தான் முடியும். முன்னே சொன்ன ஆக்சிஜன் கணக்கில் பூஞ்சையே 2,000 லிட்டருக்கு 5 கிலோவாட் சூடு தரும். அதற்கு மேல் நீங்களும் கிலோவாட் கணக்கில் ஊற்றினால், சித்திரை வெயிலில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை டேங்கைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் விட்டு 28 டிகிரியில் நிறுத்த முடியுமா? தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இருந்தால்தான் உண்டு. கொட்டேஷனில் சில்லர் இல்லை என்றே நினைக்கிறேன்.

மாற்றங்களுக்குப் போகும் முன் இரண்டு அளவீடுகள் வேண்டும். ஒன்று கிலோவாட். ஆம்பியரை நம்பாதீர்கள். 5 ஹெச்.பி. மோட்டார் சும்மா சுற்றினாலே 3 ஆம்பியருக்கு மேல் காட்டும். 7.5-க்கு 5 என்றால் மூன்றில் இரண்டு பங்கு சுமை என்று அர்த்தமில்லை, அதைவிடக் குறைவு. அஜிட்டேட்டர் லைனில் கிலோவாட் காட்டும் மூன்று ஃபேஸ் டிஜிட்டல் மீட்டர் ஒன்றைப் போடுங்கள். டேங்கில் தண்ணீர் நிரப்பி, காற்று முழுதாக விட்டு ஒரு ரீடிங், பாதி காற்றில் ஒன்று, கால் காற்றில் ஒன்று, கடைசியாகக் காற்றில்லாமல் ஒரே நிமிடம். காட்டும் எண்ணில் மோட்டார் செயல்திறனுக்கு 0.86-ஆல் பெருக்குங்கள். காற்றில்லாத ரீடிங் 5 கிலோவாட் பக்கம் வந்தால் நான் சொன்னது சரி. ரொம்பக் குறைவாக வந்தால் டேப் எடுத்து இம்பெல்லரை அளந்து பாருங்கள். 40 செ.மீ. ரஷ்டன் டர்பைனில் ஒரு பிளேடு 10 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். கையிருப்புத் தகட்டில் வெட்டிய பிளேடு அளவில் பிசகியிருந்தால் பவர் நம்பரும் மாறிவிடும்.

இரண்டாவது, பாகுத்தன்மை. ஒரே வேகத்தில் அளந்து ஒரு எண் எழுதிக் கொடுத்தால் அதை வாங்கி வராதீர்கள், அது எதற்கும் உதவாது. சுழலும் விஸ்காமீட்டரில் குறைந்தது நான்கைந்து வேகத்தில் ரீடிங் வேண்டும். பக்கத்திலேயே காரைக்குடி. அழகப்பா பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரி, சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) என்று ஆய்வுக்கூடங்கள் உள்ள ஊர். கேட்டுப் பாருங்கள். 0 மணி, 12 மணி, 24, 36, 48 என்று சாம்பிள் எடுத்து, எடுத்த சூட்டோடு அளக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொண்டுபோனால் அது வேறு கரைசல்.

முதல் நாள் சாம்பிளை ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் செய்முறையில் இரண்டு விதக் கெட்டி இருக்கிறது. 4 சதவீதம் குருணை மாவை நீராவியில் வேகவைத்தால் அது கஞ்சி. பூஞ்சை வளரும் முன்பே டேங்க் பாதி கெட்டி. அதற்கு மேல் இழை பின்னும்போதுதான் கூழாகிறது. முதல் கெட்டியை நீங்கள் சுலபமாக எடுத்துவிடலாம். மாவைக் கரைத்துச் சூடேற்றும்போது ஆல்ஃபா அமிலேஸ் என்சைம் சேர்த்து, அதற்கு உகந்த சூட்டில் அரை மணி நேரம் வைத்து, கஞ்சி தண்ணீராக ஓட ஆரம்பித்த பிறகு ஸ்டெரிலைஸ் செய்யுங்கள். எவ்வளவு என்சைம், எத்தனை டிகிரி என்பது வாங்கும் என்சைமின் பாக்கெட்டிலேயே இருக்கும். என் அனுபவத்தில் கலக்கும் பிரச்சினை என்று வருகிறவர்களில் பலருக்கு இரும்பு வேலையே தேவைப்படுவதில்லை, அடுப்பு வேலைதான். நீங்களும் இதைச் செய்து ஒரு பேட்ச் ஓட்டிப் பாருங்கள். ஓரம் அசைந்துவிட்டால் அடுத்த பத்தியை விட்டுவிடலாம்.

அசையவில்லை என்றால் இம்பெல்லரை மாற்ற வேண்டும். மோட்டாரை இல்லை. கீழே காற்றை உடைப்பதற்கு, பிளேடு குழிவாக வளைந்த டிஸ்க் டர்பைன், விட்டம் 50 செ.மீ. குழிவான பிளேடின் முதுகில் காற்றுப் பை பெரிதாக ஒட்டாது, காற்று விட்டாலும் சக்தி அவ்வளவாக இறங்காது. மேலே, கரைசலைக் கீழ்நோக்கித் தள்ளும் அகலமான பிளேடு கொண்ட ஹைட்ரோஃபாயில் வகை இம்பெல்லர், 60 செ.மீ. இரண்டு உருளைக்கும் நடுவில் நிற்கும் பட்டையை உடைப்பது இதுதான். வேகத்தை 160-க்கு இறக்குங்கள். குழிவான டர்பைனின் பவர் நம்பர் 3, ஹைட்ரோஃபாயிலுக்கு 0.8 என்று வைத்தால், கீழே 1.8 கிலோவாட், மேலே 1.2, சேர்த்து 3. காற்று முழுக்க நின்றாலும் இதற்குமேல் ஏறாது. உங்கள் 3.7 கிலோவாட் மோட்டாருக்குள் அடங்கிவிடும். காற்று ஓடும்போதும் 2.4 பக்கம் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். இரண்டாம் நாள் இப்போது உள்ளே போவதைவிட அது அதிகம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 160-க்கு இறக்க, மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியான வி.எஃப்.டி. போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வி.எஃப்.டி.யில் வேகத்தைக் குறைத்தால் மோட்டார் கொடுக்கக்கூடிய சக்தியும் அதே விகிதத்தில் குறையும். 220-இல் 3.7 கொடுத்த மோட்டார் 160-இல் 2.7 கிலோவாட்தான் கொடுக்கும். உங்களுக்கு 3 வேண்டும். போதாக்குறைக்கு மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், மோட்டார் சூடாகும். ஆகவே வேகத்தைப் புல்லி மாற்றித்தான் இறக்க வேண்டும். மாற்றும் முன் கியர்பாக்ஸ் தகட்டில் வெளித்தண்டின் டார்க் (சுழற்று விசை) எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பாருங்கள். 160 ஆர்.பி.எம்.-இல் 3 கிலோவாட் என்றால் 180 நியூட்டன் மீட்டர் வேண்டும். காற்று நின்றபோதெல்லாம் உங்கள் கியர்பாக்ஸ் 220 நியூட்டன் மீட்டர் வரை வாங்கியிருக்கிறது, ஆனால் சில நிமிடம் தாங்குவது வேறு, நாள் முழுக்கத் தாங்குவது வேறு.

பழைய இம்பெல்லரோடு இன்னும் சில பேட்ச் ஓட்ட வேண்டியிருந்தால் வி.எஃப்.டி. உதவும். காற்று நின்றதும் தானாக 170-க்கு இறங்கும்படி வைத்தால், இழுவை 5 கிலோவாட்டிலிருந்து 2.3-க்கு வந்துவிடும். அந்த வேகத்தில் மோட்டார் கொடுக்கக்கூடியது 2.9 என்பதால் டிரிப் ஆகாது. ஆனால் இதைத் தற்காலிக ஏற்பாடாக மட்டும் வையுங்கள்.

நுரைக்கு வால்வைத் திருகும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். நுரைக்கொல்லியைச் சொட்டுச் சொட்டாக, நுரை ஏறும்போது மட்டும் விடுங்கள். அதிகம் ஊற்றினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆக்சிஜன் கரைவது குறையும்.

200 லிட்டரில் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்த டேங்கின் அளவுகளை நீங்கள் எழுதவில்லை. வழக்கமான 200 லிட்டர் டேங்கில் 18 செ.மீ. இம்பெல்லர் 400 ஆர்.பி.எம். பக்கம் சுற்றும். லிட்டர் ஒன்றுக்குக் கிடைக்கும் சக்தி பெரிய டேங்கில் கிடைப்பதற்குச் சற்றுத்தான் அதிகம். ஆனால் வெட்டு வேகம் 42-க்குப் பதில் 77. அதே கரைசல் அங்கே 0.21-க்குப் பதில் 0.15 பாஸ்கல் செகண்ட்தான். சுவரும் இம்பெல்லரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, ஓடாமல் நிற்க இடமே இல்லை. லிட்டருக்கு ஜாக்கெட் பரப்பும் அதிகம் என்பதால் சூடும் தெரிந்திருக்காது. சின்ன டேங்கை அதே வடிவத்தில் பெரிதாக்கி, லிட்டருக்கு இத்தனை வாட் என்று மட்டும் பார்த்து மோட்டார் போடுவது வழக்கம். நீர்த்த பாக்டீரியாக் கரைசலுக்கு அது ஓரளவு ஓடும், பூஞ்சைக்கு ஓடாது.

டேங்க் செய்தவரிடம் பேசும்போது சண்டை வேண்டாம், இரண்டு கேள்விகள் போதும். காற்றில்லாமல், முழு மட்டத்தில், இந்த இம்பெல்லர் எத்தனை கிலோவாட் இழுக்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். புது இம்பெல்லருக்கும் அதே காகிதம் வேண்டும். அப்புறம், 60 செ.மீ. இம்பெல்லரின் பளு இப்போதைய தண்டுக்கு ஒத்துவருமா, மேன்ஹோல் வழியாக உள்ளே போகுமா என்று கேளுங்கள். பிளேடுகளைத் தனித்தனியாக உள்ளே இறக்கி போல்ட் போடும்படி செய்துகொடுத்தால் டேங்க் மூடியை வெட்ட வேண்டியிருக்காது.